தொலைவிலிருந்து தோண்டும் குளம்

'மேற்பார்வை' என்னும் சொல்லை நாம் எத்தனையோ முறை வகுப்பில் பிரித்துக் காட்டியிருக்கிறோம். மேல், பார்வை, லகரம் றகரமாகத் திரிந்தது, புணர்ச்சி விதியோடு பாடம் முடிந்துவிடும். அச்சொல்லின் முழுப்பொருளை நாம் கற்றது வகுப்பில் அன்று. 2024ஆம் ஆண்டுக் கோடையில், திருவரங்கத்தில் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் நின்றுதான் கற்றோம். அதற்குக் கொடுத்த விலையையும், அதன்பின் நாம் வந்து சேர்ந்த கருத்தையும் நண்பர்கள் முன் வைக்கலாம் என்று தோன்றியது.

நம் இல்லத்தரசியாரின் தம்பி அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வாழ்பவர். அம்மா மண்டபத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் அவர்களுடைய பூர்வீக வீடு இருக்கிறது. பெற்றோர் காலத்துக்குப்பின் பூட்டிக் கிடந்த அவ்வீட்டைப் பழுது பார்த்த மைத்துனர், கொல்லையில் ஒரு நீச்சல்குளமும் கட்டிவிட வேண்டும் என்றார். 24 அடி நீளம், 12 அடி அகலம், 5 அடி ஆழம்.

காவிரிக்கரையில் நீச்சல்குளமா என்று சிரிக்கத் தோன்றும். நமக்கும் தோன்றியது, சிரிக்கவும் செய்தோம். அதற்கு அவர், "அத்தான், நாம் குதித்து விளையாடிய ஆறு இப்போது இருக்கிறதா?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. ஆண்டில் பாதி நாள் வெறும் மணல். அந்த மணலிலும் அள்ளிய பள்ளங்கள். தண்ணீர் வந்தபின் எந்த இடத்தில் முழங்காலளவு, எந்த இடத்தில் ஆளை விழுங்கும் ஆழம் என்று கரையில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. விடுமுறைக்கு வரும் பிள்ளைகளை அந்த ஆற்றில் இறக்க எந்தத் தந்தைக்குத்தான் மனம் வரும்? ஆகவே நீச்சல்குளத்தைப் பணத்திமிர் என்று ஒதுக்கிவிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது எப்படிக் கட்டப்பட்டது என்பதே நம் பேச்சு.

வேலையை எடுத்துக்கொண்டவர் நகரத்தில் அலுவலகம் வைத்திருக்கும் ஓர் ஒப்பந்தக்காரர். கொல்லைத் தென்னையில் கேமரா ஒன்றைக் கட்டினார்கள். நம் மாலை ஆறரை மணி மைத்துனருக்குக் காலை எட்டு மணி. காப்பிக் கோப்பையோடு அவர் அலைபேசித் திரையில் கொல்லையைப் பார்ப்பார்; கல்லூரி முடிந்து வந்த நாம் அதே கொல்லையில் நின்றுகொண்டிருப்போம். ஒரே பள்ளத்தை இருவர் பார்த்தோம், இடையில் பாதி உலகம்.

கேமராவைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஒரு நாள் அடித்தளக் கம்பிகள் கவர் பிளாக் இல்லாமல் தரையில் படிந்து கிடந்ததை முதலில் கண்டவர் மைத்துனர்தான். அருகில் நின்ற நாம் கவனிக்கவில்லை. அப்படியே காங்கிரீட் போட்டிருந்தால் கம்பி ஈரம் பட்டுத் துருவேறி, சில ஆண்டுகளில் தரை வெடித்திருக்கும். காங்கிரீட் போட்டபின் ஈரச்சாக்கு காயாமல் பத்து நாளாவது தண்ணீர் விட வேண்டும் என்பதிலும் அவர் கறாராக இருந்தார். இப்போது பெரிதும் புழங்கும் கலப்புச் சிமென்ட்டுக்கு அந்தக் காலக்கெடு தேவைதான். சாக்கு காய்ந்தால் திரையில் நிறம் மாறித் தெரியும். உடனே தொலைபேசி அடிக்கும். கண்ணுக்குத் தெரியும் குற்றம் எதுவும் அவரிடமிருந்து தப்பவில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னவர் மேஸ்திரி. அறுபதைத் தாண்டியவர், அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். பள்ளம் வெட்டி முடித்த அன்று மாலை அவர் நம்மைத் தனியே அழைத்தார்.

"சார், இது ஆத்து மணல். இப்ப காஞ்சு கெடக்கு. ஆடியில தண்ணி மேல வரும். அந்த நேரத்துல தொட்டி காலியா இருந்தா தூக்கிடும். அடியில ஒரு வால்வு வைக்கச் சொல்லுங்க. இல்லேன்னா அடித்தளத்தைக் கனமாப் போடச் சொல்லுங்க."

நாம் அதைச் செய்தியாக அனுப்பினோம். ஒப்பந்தக்காரரின் அலுவலகத்திலிருந்து படத்தோடு பதில் வந்தது. ஆறடிப் பள்ளத்தின் அடியில் பொலபொலவென்று உலர்ந்த மணல். ஈரமே இல்லாத இடத்தில் எதற்கு வீண்செலவு என்பது அவர்கள் கேள்வி. படம் பொய்யன்று. 2023இல் பருவமழை ஏமாற்றியதால் 2024 கோடையில் காவிரி வறண்டு கிடந்தது. வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும் மேட்டூர் அணையும் அவ்வாண்டு அந்நாளில் திறக்கப்படவில்லை.

மைத்துனர் நம்மிடம் கேட்டார்: "அத்தான், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

நாம் சொன்ன விடையை இன்றும் மறக்க முடியவில்லை. "அவர்கள் படித்த பொறியாளர்கள், அவர்களுக்குத் தெரியாதா?" என்றோம். மேஸ்திரியின் சொல்லைக் கடத்திய நாம், அதன் பின்னால் நிற்கவில்லை. தவறாகிப்போனால் பழி நம்மேல் வருமே என்ற அச்சம்தான் காரணம். இலக்கியம் கற்பிப்பவர் கட்டுமானத்தில் ஏன் தலையிட வேண்டும் என்று நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொண்டோம்.

திருச்சிக்காரர் எவருக்கும் இதில் பொறியியல் பட்டம் தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. அதே தீவில் திருவானைக்காவில் இறைவன் அப்பு வடிவினன். தாழ்ந்த கருவறையில் ஊற்றுநீர் கசிந்தபடி இருப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறோம். காலுக்குக் கீழே தண்ணீர் நிற்கும் ஊர் இது என்பதை நமக்குக் கோயிலே சொல்லிக்கொடுத்திருக்கிறது. வரிசையில் நின்று கண்டு, கும்பிட்டு, வீட்டுக்கு வந்து, கொல்லையில் பள்ளம் வெட்டும்போது மறந்துவிட்டோம்.

மேஸ்திரி சொன்னதன் கணக்கு எளிது. காலித் தொட்டி நிலத்தடி நீரில் நிற்கும் தோணி போன்றது. நாம் சொன்ன அளவுள்ள தொட்டியின் காங்கிரீட் எடை, ஆறு அங்குலத் தரையும் எட்டு அங்குலச் சுவரும் வைத்தால், ஏறத்தாழ 30 டன் வரும். அதன் அடிப்பரப்பு 340 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. சுற்றியுள்ள மண்ணில் நீர்மட்டம் அந்த அடிப்பரப்புக்கு மூன்றரை அடி மேலே ஏறினால், கீழிருந்து தள்ளும் விசை ஏறத்தாழ 34 டன். உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கும்வரை கவலையில்லை. அந்த நீரே 40 டன் கனத்தோடு தொட்டியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நீரை இறைத்த கணம் பிடி விட்டுவிடும். அடியில் வைக்கும் சிறு வால்வு, வெளிநீரின் அழுத்தம் மிகும்போது தானே திறந்து அந்நீரை உள்ளே விடும். தொட்டி கொஞ்சம் அழுக்காகும், ஆனால் மிதக்காது.

நம் பழைய குளங்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. கோயில் குளத்தின் அடி மண். படிக்கல்லுக்கும் படிக்கல்லுக்கும் இடையே நீர் வரும், போகும். நிலத்தடி நீர் ஏறினால் குளமும் ஏறும், இறங்கினால் இறங்கும். குளமும் நிலமும் ஒரே நீரைப் பகிர்ந்துகொண்டன. நீச்சல்குளத்துக்கு நாம் 'குளம்' என்று பெயர் வைத்துவிட்டோமே தவிர, அது குளமன்று, தொட்டி. வெளிநீரை உள்ளே விடமாட்டேன் என்று சுவரெழுப்பி நிற்பது. எதிர்த்து நிற்பது என்று முடிவு செய்தபின் எதிராளியின் பலம் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமலே சொன்னார் ஒருவர். அவர் பேச்சு எடுபடவில்லை.

ஜூன் மாதம் வேலை முடிந்தது. ஓடு பதித்து, தண்ணீர் நிரப்பி, படம் எடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்பினார்கள். ஜூலையில் கருநாடகத்தில் மழை கொட்டியது. 28ஆம் தேதி மேட்டூர் திறந்தது. 30ஆம் தேதி அணை 120 அடி நிரம்பியது. காவிரியும் கொள்ளிடமும் ஒருசேரப் பெருகின. கரையோரத்துக் கிணறுகளில் நீர் ஏறத் தொடங்கியது.

ஆடிப்பெருக்குக்கு மைத்துனர் குடும்பத்தோடு வருவதாக ஏற்பாடு. அதற்கு இரண்டு நாள் முன்பு திரையில் பார்த்த அவருக்குக் குளம் பாசி பிடித்துப் பச்சையாகத் தெரிந்தது. பிள்ளைகள் வருகிறார்களே என்ற தவிப்பில், நீரை முழுக்க இறைத்துத் தேய்த்துக் கழுவச் சொல்லி நேரே ஒப்பந்தக்காரருக்குச் செய்தி அனுப்பினார். அது குழுவில் நமக்கும் வந்தது. இரவு பத்து மணி இருக்கும். படித்தோம், தூங்கப் போய்விட்டோம்.

விடியற்காலையில் போனபோது குளத்தின் கிழக்கு ஓரம் தரைமட்டத்துக்கு மேல் நான்கு விரற்கடை எழும்பி நின்றது. விளிம்பு ஓடுகள் வரிசையாகப் பிளந்திருந்தன. வடிகுழாய் முறிந்து மண்ணுக்குள் போயிருந்தது. பக்கத்து வீட்டு அம்மையார் மதிலோரம் வந்து நின்று கேட்டார்: "நேத்து ராத்திரி பூரா உங்க வீட்டு மோட்டார் ஓடுச்சே தம்பி. கெணத்துல மூணு உறை தண்ணி ஏறியிருக்கு. பாக்கலையா?"

அதே கொல்லையில் உறைகிணறு ஒன்று உண்டு. எட்டிப் பார்த்தால் எத்தனை உறை மூழ்கியிருக்கிறது என்று குழந்தையும் எண்ணிச் சொல்லும். ஆனால் அது தென்னைக்குப் பின்னால் இருந்தது. கேமராவின் முகம் குளத்தை நோக்கி, முதுகு கிணற்றை நோக்கி. அவர் பார்த்திருக்க வழியில்லை. நமக்கு வழி இருந்தது. நாள்தோறும் கிணற்றைத் தாண்டித்தான் போய்வந்தோம்.

மேஸ்திரி ஓடிவந்து முதலில் செய்த காரியம், தொட்டிக்குள் மீண்டும் தண்ணீர் விட்டது. பாதியளவு இறங்கி அமர்ந்தது. மீதி அமரவில்லை, அடியில் மணல் புகுந்துவிட்டது. யாரும் உள்ளே இறங்கித் தேய்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது ஒன்றே ஆறுதல். அவ்வாண்டு ஆடிப்பெருக்குக்கு வந்த பிள்ளைகள் சாய்ந்த குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நமக்கும் மைத்துனருக்கும் இடையே சில மாதங்கள் பேச்சு சுருங்கியிருந்தது.

பலரும் இதைக் கேட்டுவிட்டு, "தூரத்திலிருந்து கட்டினால் இப்படித்தான் ஆகும்" என்றார்கள். நமக்கு அதில் உடன்பாடில்லை. தொலைவுதான் குற்றவாளி என்றால் உலகில் பல நல்ல நீர்நிலைகள் தோன்றியே இருக்கமாட்டா.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்தில் ஸ்டோக் ரோ என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே காசி மன்னர் ஈசுவரி பிரசாத் நாராயண் சிங் கொடுத்த பணத்தில் வெட்டிய கிணறு இருக்கிறது. 1863 மார்ச்சில் தொடங்கி 1864 மே 24இல் திறந்தார்கள். ஆழம் 368 அடி. நம் மலைக்கோட்டைப் பாறையின் உயரம் ஏறத்தாழ 273 அடி என்பதை நினைத்தால் அந்த ஆழம் புரியும். அகலமோ நான்கே அடி. முழுவதும் கையால் தோண்டியது. மன்னர் அந்தக் கிணற்றைக் கண்ணால் கண்டதில்லை. காசிப் பகுதியில் ஆட்சிப் பணியில் இருந்து ஊர் திரும்பிய எட்வர்ட் ஆண்டர்டன் ரீட் என்ற நண்பரிடம் பொறுப்பை விட்டார். ரீட் அந்தக் குன்றுப் பகுதியில் பிறந்தவர். தண்ணீருக்கு அவ்வூர் மக்கள் பட்ட பாட்டை அறிந்தவர். கிணறு வெட்டியதோடு நிற்காமல், காவலருக்கு ஒரு வீடும், பராமரிப்புச் செலவுக்கு வருமானம் தர ஒரு செர்ரித் தோட்டமும் அமைத்தார்கள். கங்கைக்கரையிலிருந்து கொடுத்த பணம் அவ்வூருக்குப் பல பத்தாண்டுகள் தண்ணீர் வார்த்தது.

நம் பக்கத்திலேயே திருவெள்ளறை இருக்கிறது. திருச்சியிலிருந்து துறையூர்ச் சாலையில் 20 கிலோமீட்டர். அங்குள்ள சுவத்திக வடிவக் கிணறு பல்லவன் தந்திவர்மன் காலத்தது, ஏறத்தாழ பொ.ஆ. 800. கல்வெட்டு அதை மார்ப்பிடுகு பெருங்கிணறு என்கிறது. மார்ப்பிடுகு தந்திவர்மனின் பட்டப்பெயர். மன்னன் இருந்தது காஞ்சியில். கிணறு எடுத்தவனோ ஆலம்பாக்கத்து விசயநல்லூழானின் தம்பி கம்பன் அரையன். நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடித்தான் என்றும் எழுதியிருக்கிறது. கிணற்றின் பெயர் அரசனுடையது. செய்தவன் பெயரும், ஊரும், எடுத்துக்கொண்ட காலமும் தனியே கல்லில் இருக்கின்றன. யாரைக் கேட்பது என்ற ஐயத்துக்கே இடமில்லை. நாற்புறமும் படிகள் இறங்குவதால், நீர் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பதைத் தண்ணீர் எடுக்க வருபவர் எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளையும் இங்கே நினைக்கலாம். முதற்பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை அவை. அரசாணையோடு அதிகாரி ஒருவர் வந்து சபையில் உடனிருந்தார். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்போ, குடவோலையில் தேர்ந்த அவ்வூரார் அறுவர் கொண்ட ஏரி வாரியத்திடம். மதகு எப்போது திறக்க வேண்டும் என்று தலைநகரிலிருந்து யாரும் ஓலை அனுப்பிக்கொண்டிருக்க முடியாது.

மூன்றிலும் நமக்குத் தெரிவது ஒன்றே. பணமும் ஆணையும் தொலைவிலிருந்து வரலாம். நிலத்தை அறிந்த ஒருவர் அருகிலிருந்தார். பொறுப்பும் அவரிடமே இருந்தது. நம் கொல்லையில் அப்படி இல்லை. பார்க்கும் உரிமை அனைவருக்கும் இருந்தது. நிறுத்தும் உரிமை டெக்சாஸில் மட்டும் இருந்தது. மேஸ்திரிக்கு மண் தெரியும், அதிகாரம் இல்லை. ஒப்பந்தக்காரருக்கு அதிகாரம் உண்டு, ஆடி மாதத்துத் தீவு தெரியாது. நமக்கு இரண்டிலும் பாதி; அந்தப் பாதியையும் நாம் பயன்படுத்தவில்லை.

'கண்காணி' என்ற பழஞ்சொல் 'கங்காணி' என்று தேய்ந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய கதை நண்பர்கள் அறிந்ததே. தோட்டத் துரைக்காக ஆட்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். துரை சொன்னதைத் தொழிலாளிக்குச் சொல்வது அவர் வேலை. தொழிலாளி சொன்னதைத் துரையிடம் வலியுறுத்துவது அவ்வேலையில் அடங்கவில்லை. 2024 கோடையில் நாம் வகித்த பதவிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்கவில்லை.

அயல்நாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடும் கிணறும் குளமும் கட்டுகிற அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். கேமரா வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன், வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமையை அவ்வூரில் இருக்கும் ஒருவருக்கு எழுத்தில் கொடுங்கள். ஆற்றங்கரை என்றால் கோடையில் வெட்டிய பள்ளத்தை நம்பாதீர்கள். ஆடியிலும் ஐப்பசியிலும் அக்கம்பக்கத்துக் கிணற்றில் நீர் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். ஓடு பதிக்குமுன் தண்ணீர் நிரப்பி, கோடு போட்டுக் கசிவு பாருங்கள். ஆறு பெருகி ஓடும்போது தொட்டியைக் காலி செய்யாதீர்கள். இங்கிருந்து பார்த்துக்கொள்ளும் அத்தான்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால், நினைப்பதைச் சொல்லிவிடுங்கள். தவறாகப் போனால் ஒரு வால்வின் விலைதான் நட்டம்.

2025 பங்குனியில் உடைந்த பகுதியை எடுத்துக் கட்டினோம். அடியில் வால்வு வைத்தாயிற்று. தரையையும் மேஸ்திரி சொன்ன கனத்துக்குப் போட்டாயிற்று. அவ்வாண்டு மேட்டூர் ஜூன் 12இலேயே திறந்தது. மாத முடிவுக்குள் அணையும் நிரம்பியது. குளத்தில் மறுபடியும் பாசி. மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். நாம் கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தோம். மதிலுக்கு அப்பால் இருந்த அம்மையாரையும் கேட்டோம். இரண்டு உறை ஏறியிருக்கிறது, இப்போது இறைக்கக் கூடாது, மருந்து போட்டு மேலோட்டமாக வலையால் அள்ளினால் போதும் என்றோம்.

"சரி அத்தான். எப்போது இறைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார் அவர்.

தை பிறந்தபின் சொன்னோம்.